மஞ்சள் கோடும் காய்ப்புழுவும்

பூச்சி ஆய்வுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளிலேயே ஒரு விதியைச் சொல்லியிருப்பார்கள். மருந்து தயாரிக்கும் பக்கத்திலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் புழு வளர்க்கும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் தூள் போதும். மாதக்கணக்கில் வளர்த்த புழுக்கள் ஒரே வாரத்தில் போய்விடும். இன்று உங்களுக்கு இரட்டைக் கதவு, தனிக் காலணி, காற்று வடிகட்டி எல்லாம் இருக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த சிறிய கம்பெனியில் தாழ்வாரத் தரையில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்போம். கோட்டுக்கு அந்தப் பக்கம் மருந்துத் தொட்டிகள். இந்தப் பக்கம் புழுக்களும் நானும்.

அந்தக் கோட்டில் செருப்பு நுனிகூடப் படாமல் நின்று, தினமும் காலையில் ஒரு குரல் கூப்பிடும்.

"பூச்சிக்கா, இன்னா, புள்ளைங்க துன்னாங்களா?"

"தின்னுச்சுங்க. நீ சாப்பிட்டியா?"

"நான் எங்க துன்றது? உன் புள்ளைங்களுக்கு சமைக்கவே நேரம் பத்தல."

தேவராஜ்தான் அது. தொட்டி ஆபரேட்டர். வானகரத்துக்காரன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலைக்கு வந்த முதல் ஆள் அவன். பல வருடங்களாகத் தற்காலிக வேலையிலேயே இருந்தான். நான் சொல்லப்போகும் அந்த வருடத்தில் அவனை நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவன் வானகரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு அஸ்திவாரமும் போட்டுவிட்டான்.

அவன் 'சமைத்தது' பாக்டீரியா மருந்து. மண்ணில் வாழும் அந்த பாக்டீரியா, வித்தாக உறையும் நேரத்தில் தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்கும். செடியோடு சேர்த்து அதைப் புழு தின்றால், புழுவின் குடலில் இருக்கும் காரமான நீரில் படிகம் கரையும். குடலின் நொதிகள் அதை நறுக்கும். நறுக்கிய துண்டு, குடல் சுவரில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு அங்கே ஓட்டை விழும். புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சாகும். பற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் அந்தப் புரதத்தைத்தான் ஏற்பி என்கிறோம். நம் குடலில் அந்த ஏற்பி இல்லாததால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. உங்களுக்கு இதெல்லாம் பாடத்தில் வந்திருக்கும். எங்களுக்கு ஏற்பி என்பது ஓர் ஆளின் வேலை போகவிருந்த வாரத்தில்தான் புரிந்தது.

என் வேலை, தேவராஜ் இறக்கிய ஒவ்வொரு மருந்தையும் புழுவுக்குக் கொடுத்துப் பார்ப்பது. தக்காளியையும் துவரையையும் துளைக்கிற காய்ப்புழு. அது தன் இனத்தையே தின்னும் என்பதால் ஒரு கிண்ணத்துக்கு ஒரு புழுதான். கடலை மாவும் ஈஸ்ட்டும் கடற்பாசிக் கூழும் சேர்த்துக் காய்ச்சி உணவு செய்வோம். காலையில் அறைக் கதவைத் திறந்தால் பஜ்ஜிக் கடை வாசனை அடிக்கும். இப்போதும் வீட்டில் கடலை மாவு கரைக்கும்போது என் கை கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது.

ஒரு மே மாதம் தொழிற்பேட்டையில் டிரான்ஸ்பார்மர் எரிந்தது. இரண்டு நாள் மின்சாரமே இல்லை. புழு அறையின் குளிர்சாதனம் நின்று, அறை அடுப்பானது. ஐஸ் கம்பெனியிலிருந்து பாளங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவன் தேவராஜ்தான். ஒவ்வொரு முறையும் குளித்து, சட்டை மாற்றி, கோட்டின் விளிம்பில் சாக்கோடு இறக்கிவைப்பான். நான் இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வேன். அவ்வளவு செய்தும் பலனில்லை. வெப்பத்தோடு நோயும் சேர்ந்துகொண்டது. புழுக்கள் கறுத்து, உருகி, கிண்ணத்து மூடியில் தலைகீழாகத் தொங்கின.

மிஞ்சியவை வடக்குப் பக்கச் சோதனை அறையில் இருந்த சில கிண்ணங்கள் மட்டும். அவை முந்தைய வாரச் சோதனையில் மருந்தைத் தின்றும் சாகாமல் கிடந்த புழுக்கள். சோதனையில் பிழைத்த புழுவை அன்றே கொதிநீரில் போட்டுவிட வேண்டும் என்பது விதி; மின்சாரம் போன குழப்பத்தில் அது விட்டுப்போயிருந்தது. எங்கள் ஆய்வகத் தலைவர் அந்தக் கிண்ணங்களின் முன் வெகு நேரம் நின்றார். அவர் பெயர் வேண்டாம். நாங்கள் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், யாரையும் அவசரப்படுத்தாதவர்.

"வெளியிலேருந்து புழு பிடிச்சு, நோய் இல்லாம சுத்தம் பண்ணி எடுக்க நாலஞ்சு மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் டெஸ்ட் இல்ல. டெஸ்ட் இல்லாம ஒரு மூட்டை வெளியே போகாது. எல்லாருக்கும் சம்பளம் எங்கேருந்து வரும்? இதுங்களையே வளர்ப்போம்" என்றார்.

எங்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சந்தோஷம்தான் பட்டோம். அன்று டீயோடு பட்டர் பிஸ்கட் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தேவராஜ் சிரித்தான்.

"என் சரக்கயே துன்னுட்டு ஏப்பம் உட்டுகினு கீது பாருக்கா. கெட்டி உசுரு. உன் வளர்ப்பு அப்பிடி."

ஒரு முறை செய்தது வழக்கமானது. கூட்டம் பெருகும்வரை, ஒவ்வொரு சோதனையிலும் குறைந்த மருந்தில் பிழைத்த புழுக்களையும் சேர்த்தே வளர்த்தோம். பெருகிய பிறகும் அந்தப் பழக்கம் உடனே நிற்கவில்லை. இப்போது இதைப் படிக்கும் உங்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும். அன்று எங்களுக்குத் தெரியவில்லை. புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. அவ்வளவு நல்ல கூட்டம் அதற்கு முன் எங்களிடம் இருந்ததில்லை.

அடுத்த ஜனவரியில் தேவராஜ் இறக்கிய மருந்தில் புழு சரியாகச் சாகவில்லை. அடுத்த தொட்டியிலும் அப்படித்தான். மூன்றாவது இன்னும் மோசம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு குப்பி மருந்து எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது. அதைக் கொடுத்தாலும் புழு பிழைத்தது. "மின்சாரம் போன ரெண்டு நாள்ல அதுவும் கெட்டிருக்கும்" என்றார் பெரிய சார். அது பொருத்தமான காரணமாகவே பட்டது.

தொட்டிப் பக்கம் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பாக்டீரியா முழுதாக வித்தாவதற்கு முன்பே தொட்டியைத் திறந்தால் படிகம் குறைவாக இருக்கும். ராத்திரி ஷிப்டில் தேவராஜ் சீக்கிரம் திறந்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகிறான் என்று யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். தேவராஜ் ஒரு கண்ணாடித் தகட்டில் மருந்தைத் தடவி எடுத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே இருந்த பொது ஆய்வு மேஜைக்கு என்னைக் கூப்பிட்டான்.

"பூச்சிக்கா, நீ வந்து கண்ணால பாரு. கல்லு கல்லா கீதா, இல்லியா?"

நுண்ணோக்கியில் பார்த்தேன். வைரக்கல் மாதிரி படிகங்கள் நிறைய இருந்தன. "இருக்கு தேவராஜ்" என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு உன் புள்ளைங்க சாவ மாட்டேங்குது?"

"அதுதான் தெரியலை."

புதன்கிழமை முதலாளி அறையில் நால்வர் இருந்தோம். முதலாளி, பெரிய சார், தேவராஜ், நான்.

"தொட்டிய எத்தனை மணிக்குத் திறந்தே?" என்று கேட்டார் முதலாளி.

"திறக்க வேண்டிய நேரத்துக்குதான் சார். கல்லு வுழுந்திச்சான்னு பாத்துட்டுதான் தொறந்தேன்."

"மூணு தொட்டி, தேவராஜ். மூணும் தண்ணி."

"தண்ணி இல்ல சார்." அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ கண்ணாடில பாத்தியே. கீதுன்னு சொன்னியே. சொல்லுக்கா."

"படிகம் இருந்துச்சு சார். நான் பார்த்தேன்" என்றேன்.

"அப்ப உங்க டெஸ்ட்ல ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல சார். டெஸ்ட்டை ரெண்டு தடவை செஞ்சு பார்த்தோம். புழு சாகலை."

இரண்டும் உண்மை. இன்று கேட்டாலும் அதே இரண்டு பதில்களைத்தான் சொல்வேன். பார்த்ததைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் இரண்டாவது பதிலைச் சொன்னபோது தேவராஜ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினான். முதலாளி வெளியூர் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்புவதாகவும், வந்ததும் அவன் கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்றும் பெரிய சாரிடம் சொன்னார். அவன் காதுபடவே சொன்னார்.

சாயங்காலம் ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. என் கணவர் படைத்துறைத் தொழிற்சாலையில் இருந்தார். எங்களுக்கு அங்கேதான் குவார்ட்டர்ஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த அறையில் சொன்னவற்றை மனதில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். படிகம் இருக்கிறது. புழு சாகவில்லை. குப்பி மருந்திலும் சாகவில்லை. குப்பியில் இருந்தது வேறு தேசத்தில், வேறு ஆட்கள் செய்த மருந்து. அதுவும் தேவராஜின் மருந்தும் ஒரே பருவத்தில், ஒன்றையொன்று பார்த்துச் செய்த மாதிரி, ஒரே அளவுக்கா கெட்டுப்போகும்? இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். அதைத் தின்ற புழு.

பெரிய சாரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வெறும் நினைப்பைக் கொண்டுபோனால் குளிர்பெட்டிக் காரணம் அதை விழுங்கிவிடும் என்று தோன்றியது. மருந்தையே கண்டிராத புழு வேண்டும். அதை எங்கள் அறைக்குள் கொண்டுவர முடியாது. வயல் புழுவோடு நோய் வரும். ஒரே வழிதான் இருந்தது, சோதனையை வீட்டில் செய்வது. மறுநாள் காலை கம்பெனிக்குப் போய், மாவு உணவும் இரண்டு மருந்திலும் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு, மீதி நாளுக்கு விடுப்பு எடுத்தேன்.

பாரிவாக்கத்தில் தக்காளி காய்த்துக்கொண்டிருந்தது. கணவர் ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்தினார். காய் பறித்துக்கொண்டிருந்த தோட்டக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, தக்காளி வோணுமா?"

"தக்காளி வேணாங்க. புழு வேணும்."

"இன்னாது?"

"புழு. சின்னதா, உயிரோட."

அந்த அம்மா என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "இன்னா நைனா, ஊட்ல எல்லாம் நல்லாத்தான கீறாங்க?"

விவரம் சொன்ன பிறகு சிரித்தார். இன்னும் மருந்தே அடிக்காத ஓரத்துச் செடி வரிசையைக் காட்டினார். "எவ்ளோ வோணாலும் புட்ச்சினு போ. அப்பிடியே அக்கம்பக்கத்துலயும் சொல்லு, புழு வாங்கிக்க ஆள் கீதுன்னு." எங்கள் கம்பெனிப் பெயரைச் சொன்னதும், "அந்தப் பவுடரா? அந்தாண்ட அடிச்சோம். நல்லாத்தான் கேக்குது" என்றார். அவர் அடித்தது பழைய மூட்டையா, புதிதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அந்தச் சொல்லை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு, காய்களுக்குள் புழு தேடிய என் கை வேகமானது உண்மை.

வயலில் பிடித்த புழுவைக் கொண்டு செய்வது சுத்தமான சோதனை ஆகாது. வயது ஒன்றாக இருக்காது. சிலவற்றின் உடலில் ஏற்கெனவே குளவி முட்டையிட்டிருக்கும். அதனால் ஒரே அளவுள்ளவற்றை மட்டும் பொறுக்கினேன். வளர்ப்பு அறையிலிருந்தும் அதே அளவுள்ள புழுக்களை அன்று காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். வெளியே போன புழு திரும்ப உள்ளே போகாது, அதனால் அதில் தவறில்லை. குவார்ட்டர்ஸ் பால்கனியில் பழைய வேட்டித் துணி மூடிய கிண்ணங்கள் வரிசையாக உட்கார்ந்தன. இரண்டு இடத்துப் புழுக்களுக்கும் மூன்று விதச் சாப்பாடு: வெறும் மாவு, தேவராஜின் கடைசி மருந்து கலந்தது, குப்பி மருந்து கலந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்த கணவர், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் ஆபீஸ் புழுதான் நல்லா சாப்பிடுது. கிராமத்துப் புழு எல்லாம் படுத்துடுச்சு."

சரியாகத்தான் சொன்னார். பாரிவாக்கத்துப் புழுக்கள் வெறும் மாவில் செழிப்பாக இருந்தன. தேவராஜின் மருந்தில் சுருங்கிக் கிடந்தன. குப்பி மருந்திலும் அப்படியே. எங்கள் அறைப் புழுக்களோ மூன்றிலும் ஒரே மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை கிண்ணங்களைப் பையில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பெரிய சாரின் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ஓடுற பஸ்ல ஏறுறவனுக்குக் கம்பி வேணும்மா" என்றார் கடைசியில். "கம்பி இருந்தா புடிச்சு ஏறிடுவான். கம்பிய கழட்டிட்டா, எவ்வளவு தெம்பான ஆளா இருந்தாலும் ரோட்டிலேயேதான் நிப்பான். மருந்து நல்ல மருந்துதான். நம்ம புழு வயித்துல அதுக்குப் புடிக்க ஒண்ணும் இல்ல. புடிக்க இடம் இல்லாத புழுவா பார்த்துப் பார்த்து நாமே வளர்த்திருக்கோம்." கடைசிக் கிண்ணத்தைத் துணியால் மறுபடி மூடி, "நாந்தான் வளர்க்கச் சொன்னேன்" என்றார். கிண்ணங்களைத் தானே தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். நான் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அறையிலிருந்து வெளியே வந்ததும், "தேவராஜை உள்ளே வரச் சொல்லும்மா" என்றார்.

அவன் வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தான். கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்க வந்து, முதலாளி கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான். நான் ஏறக்குறைய ஓடினேன்.

"தேவராஜ், உன் சரக்கு நல்ல சரக்குதான். புழுதான் மாறிப்போச்சு. பாரிவாக்கத்துப் புழுவுக்குக் கொடுத்தேன், அத்தனையும் செத்துடுச்சு."

அவன் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸை பெஞ்சில் வைத்தான்.

"சாவும் மேடம். அது எனக்குத் தெரியும்."

"உள்ளே கூப்பிடறாங்க. முதலாளி பேசணுமாம்."

"வரேன். நீங்க போங்க."

அதுவரை அவன் எனக்கு நீங்க போட்டதில்லை.

முதலாளி அவனிடம் வருத்தம் தெரிவித்தார். நிரந்தர ஆணையும் அந்த மாதமே வந்தது. வளர்ப்பு அறையில் இருந்த புழுக்களை எல்லாம் கொதிநீரில் போட்டோம்; அந்த வேலையைப் பெரிய சார் வேறு யாரிடமும் விடவில்லை. அதற்கு முன் இரண்டு இடத்துப் புழுக்களின் குடலையும் பிரித்து, நகரத்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். மருந்தின் புரதத்துக்கு நிறமேற்றி அவற்றின் மேல் ஓடவிட்டுப் பார்த்து, இரண்டு தாள் பட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். பாரிவாக்கத்துப் பட்டையில் ஏற்பி இருக்கும் இடத்தில் அழுத்தமான ஒரு கறுப்புக் கோடு. எங்களுடையதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடத்தை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரிவாக்கத்துப் புழுக்களிலிருந்தே புதுக் கூட்டம் வளர்த்தோம். தேவராஜின் மருந்து ஒவ்வொரு முறையும் தேறியது. உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல நினைப்பது இதுதான்: நம் தொழிலில் அளவுகோலுக்கும் உயிர் இருக்கிறது. அது நம் கையிலேயே, நாம் அன்பாகப் பார்த்துக்கொள்ளும்போதே, மாறிவிடும். மருந்து கெட்டது என்று எழுதுவதற்கு முன், அந்த மருந்தைக் கண்டிராத ஒரு புழுவைத் தேடிப் போங்கள். எழுதிய பிறகு போனால் அந்தப் பயணம் கொஞ்சம் தாமதமானதாகவே இருக்கும்.

தேவராஜ் வீடு கட்டி முடித்தான். புதுமனை புகுவிழாவுக்கு எனக்குப் பத்திரிகை வைத்தான். பெயருக்குப் பின்னால் 'மேடம்' என்று எழுதியிருந்தது. போனோம். என் இலைக்கு அவனே பரிமாறினான், என் கணவரை இன்னொரு வடை வைத்துக்கொள்ளச் சொன்னான். ஒரு குறையும் இல்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும், வருடக்கணக்காக, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாதிரிக் குப்பியை வைத்துவிட்டு "சாம்பிள் மேடம்" என்பான். நான் "சரி தேவராஜ்" என்பேன். காலை நேரங்களில் அறைக் கதவைச் சற்றுத் திறந்தே வைத்திருப்பேன். அது விதிக்கு மாறானது. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது.

தொண்ணூறுகளின் முடிவில் கம்பெனி எங்கள் பிரிவை மூடியது. எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். கடைசி நாள், கழுவி அடுக்கிய கிண்ணங்களை அட்டைப் பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தேன். அறையில் கடலை மாவு வாசனைகூட இல்லை. கேன்டீனில் நான் மறந்துவிட்டு வந்த குடையை எடுத்துக்கொண்டு தேவராஜ் வந்தான். கோட்டின் அருகில் வந்ததும் நின்றான். அந்த வருட ஆயுத பூஜைக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை; கோடு பாதி அழிந்திருந்தது.

"உள்ளே வா தேவராஜ். இனிமே இங்கே புழு இல்ல."

அவன் தன் சட்டையை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு கீழே கோட்டைப் பார்த்தான்.

"வேணாம் மேடம். பழக்கமாயிட்ச்சி. இங்கேர்ந்தே குடுக்கறேன்."

கையை நீட்டிக் குடையைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அவன் உடனே போய்விடவில்லை. நானும் பெட்டிகளிடம் திரும்பவில்லை. புள்ளைங்க துன்னாங்களா என்று கேட்பான் என்று நின்றேன். கேட்பதற்கு அந்த அறையில் ஒரு புழுவும் இல்லை.